பழைய ரஷ்யச் சுவடி எழுத்தைப் போன்ற அட்டை எழுத்து: எதை நம்புவது?

மைக்கூடு
திங்கள், இரவு 9.40

அன்பர்களுக்கு வணக்கம். ரஷ்ய நாட்டார் கதைகளின் தமிழ்த் தொகுப்பு ஒன்றுக்கு அட்டை செய்துகொண்டிருக்கிறேன். தமிழ்த் தலைப்பைக் கையால் எழுதி முடித்துவிட்டேன். அதற்கு மேலே சிறியதாக ஒரு வரி ரஷ்ய மொழியிலும் வேண்டும் என்கிறார் பதிப்பாளர். சொல் இதுதான்: ‘க்னீகா ஸ்காசொக்’. கதைகளின் நூல் என்று பொருள். பழைய கையெழுத்துச் சுவடியில் இருந்து எடுத்ததுபோல இருக்க வேண்டுமாம்.

ஏற்கெனவே ஒருமுறை சூடு பட்டவன் நான். சென்ற ஆண்டு ஒரு திரைவிழாவுக்குச் சுவரொட்டி செய்தபோது, ‘ரஷ்யன்’ என்ற ஆங்கிலச் சொல்லில் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டேன். டெட்ரிஸ் விளையாட்டுப் பெட்டியில் பார்த்த உத்தி. அச்சாகி ஒட்டிய பிறகுதான் ஒருவர் சொன்னார், அந்த முதல் எழுத்தின் ஒலி ‘யா’, கடைசி எழுத்தின் ஒலி ‘இ’ என்று. ரஷ்ய விருந்தினர் இருவர் சுவரொட்டி முன்னால் நின்று வாய்விட்டுப் படித்துச் சிரித்ததை நான் மறக்கவில்லை.

அதனால் இந்த முறை கேட்டுவிட்டுச் செய்கிறேன். கூகுள் எழுத்துருக்களில் ‘ருஸ்லான் டிஸ்ப்ளே’ கிடைத்தது. இலவசம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஏதோ உணவகப் பெயர்ப்பலகை போலத் தோன்றுகிறது. என் கண்ணில் கோளாறா, எழுத்துருவிலா?


தூரதேசி
திங்கள், இரவு 10.15

கண்ணில் கோளாறு இல்லை. பீட்டர்ஸ்பர்க்கில் ஆறு ஆண்டுகள் மருத்துவம் படித்தவன் சொல்கிறேன். அந்த வகை எழுத்தைக் கண்டால் அங்குள்ளவர்களுக்குச் சுவடி நினைவுக்கு வராது, ஊறுகாய் ஜாடிதான் நினைவுக்கு வரும்.

அங்கே ‘இஷித்சா’ என்று ஓர் எழுத்துரு உண்டு. பழைய நெடுங்கணக்கின் கடைசி எழுத்தின் பெயர் அது. சோவியத் காலத்தின் கடைசி ஆண்டுகளில் கணினிக்கு வந்தது. அதன் பிறகு தேன் பாட்டில், வோட்கா லேபிள், பொம்மைக் கடை, நாட்டு மருந்துப் பொட்டலம், எல்லாவற்றிலும் அதுவே. எங்கள் விடுதிக்கு எதிரே ஓர் அடைரொட்டிக் கடை இருந்தது. முழுக்கக் கண்ணாடியும் எஃகுமாகக் கட்டிய கடை. பெயர்ப்பலகை மட்டும் இவான் மன்னர் காலத்து எழுத்தில். போதாததற்குப் பெயரின் முடிவில் ஒலியே இல்லாத ஓர் எழுத்தை வேறு ஒட்டவைத்திருந்தார்கள். 1918 சீர்திருத்தத்தில் சொல்லிறுதியிலிருந்து நீக்கப்பட்ட ‘கடினக் குறி’ அது. இப்போது பழமை வாசனைக்காகத் தெளிக்கிறார்கள், சாம்பாரில் பெருங்காயம் போல. ‘கொம்மெர்சாந்த்’ நாளிதழ் அந்த ஓர் எழுத்தையே தன் சின்னமாக வைத்திருக்கிறது.

உள்ளூர் வடிவமைப்பாளர்களிடம் இஷித்சா என்று சொல்லிப் பாருங்கள். முகத்தைச் சுளிப்பார்கள்.


தெருப்புலவன்
திங்கள், இரவு 10.31

மன்னிக்கவும், இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? புத்தகக் கடையில் அட்டையை மூன்று விநாடி பார்ப்பார்கள். ரஷ்யா என்று தோன்றினால் போதும். ருஸ்லானைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.


வளைகோடு
செவ்வாய், காலை 6.50

தெருப்புலவன் சொல்வது வணிகத்துக்குச் சரி. ஆனால் மைக்கூடு தம்பி கேட்டது ‘சுவடியில் இருந்து எடுத்ததுபோல’ என்பதல்லவா? அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். எழுத்துரு செய்வதுதான் என் பிழைப்பு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘பழைய ரஷ்ய எழுத்து’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி விற்கிறார்கள். உள்ளே குறைந்தது மூன்று கைகள், அதாவது எழுதும் பாணிகள், இருக்கின்றன.

முதலாவது உஸ்தாவ். தேவாலய நூல்களுக்கான நிதானமான கை. 1056–57இல் கிரிகோரி என்ற திருத்தொண்டர், நோவ்கரோத் நகர ஆட்சியாளர் ஒஸ்த்ரோமிருக்காக எழுதிக்கொடுத்த நற்செய்தி நூல் இதற்குப் பெயர்போனது. இப்போது பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்யத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வோர் எழுத்தும் தூண் நட்டதுபோலத் தனித்தனியே நிற்கும். நெடுங்கோடு தடிமன், கிடைக்கோடு மெலிவு. சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடும் கிடையாது. ஆகவே எந்த எழுத்துரு ‘உஸ்தாவ்’ என்று சொல்லிக்கொண்டு இரண்டு அளவு எழுத்தும் தருகிறதோ, அங்கேயே இன்றைய வடிவமைப்பாளர் கை வைத்துவிட்டார் என்று பொருள்.

அடுத்தது பொலுஉஸ்தாவ், அதாவது அரை உஸ்தாவ். 14ஆம் நூற்றாண்டிலிருந்து. நூல்கள் பெருகின, எழுதுபவர் அவசரப்பட்டார், எழுத்து சுருங்கியது, சற்றே சாய்ந்தது. சொற்களைச் சுருக்கி மேலே ஒரு வளைவுக் கோடு போடும் பழக்கம் மிகுந்தது. அந்தக் கோட்டுக்குத் தித்லோ என்று பெயர். பின்னால் அச்சு வந்தபோது ஈயத்தில் வார்த்தது இந்தக் கையைத்தான்.

மூன்றாவதுதான் உங்கள் அட்டைக்கு உரியது: வியாஸ். பின்னல் என்று பொருள். இது உரைநடை எழுதும் கை இல்லை, தலைப்புக்கு மட்டுமே. பைசாந்தியத்திலிருந்தும் தென் ஸ்லாவியரிடமிருந்தும் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யாவுக்கு வந்து, 16ஆம் நூற்றாண்டில் உச்சம் தொட்டது. எழுத்துகளை ஆளுயரத்துக்கு இழுத்து, பக்கவாட்டில் நசுக்கி, ஒரே பட்டையாக்கிச் சாதிலிங்கச் சிவப்பில் எழுதுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கம்பி வேலி.

அது எப்படி நடக்கிறது என்று உங்கள் சொல்லிலேயே காட்டுகிறேன். ‘க்னீகா’வில் ஐந்து எழுத்துகள்: க, ந், ஈ, ஓசையுள்ள க, ஆ. ‘ந்’ எழுத்துக்கு இரண்டு தூண்கள், நடுவே ஓர் இணைப்பு. ‘ஈ’க்கும் அப்படியே. அடுத்த ‘க’வுக்கு ஒரே தூண், உச்சியில் வலப்பக்கம் நீட்டிய ஒரு கை. ஆக இந்த மூன்று எழுத்துக்கும் ஐந்து தூண்கள். வியாஸ் எழுதுபவர் என்ன செய்வார் தெரியுமா? ‘ந்’ எழுத்தின் வலத்தூணையே ‘ஈ’யின் இடத்தூணாக வைத்துக்கொள்வார். ‘ஈ’யின் வலத்தூணே ‘க’வுக்குத் தூண். ஐந்து மூன்றாகிவிட்டது. நீட்டிய கைக்கு அடியில் வெற்றிடம் இருக்கிறதே, அங்கே கடைசி ‘ஆ’வைச் சிறிதாக்கி உட்கார வைத்துவிடுவார். திண்ணையில் குழந்தையை உட்கார வைத்ததுபோல.

இப்போது எழுத்துருவின் சிக்கல் புரிந்திருக்கும். எழுத்துரு என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெட்டி. வியாஸில் ஓர் எழுத்து எப்படி இருக்கும் என்பதை அதன் பக்கத்து வீட்டுக்காரர் முடிவு செய்கிறார். ஓபன்டைப் என்ற கணினி எழுத்துரு முறையில் கூட்டெழுத்துகள் சேர்க்கலாம், நம் ‘ஸ்ரீ’ போல. எத்தனை சேர்ப்பீர்கள்? எல்லா இணைகளையும், மூன்று மூன்றாகச் சேர்பவற்றையும் எண்ணத் தொடங்கினால் ஆயுள் போதாது. அதனால் பெரும்பாலான அலங்கார எழுத்துருக்கள் வியாஸின் உடையை மட்டும் எடுத்துக்கொள்கின்றன: கூர்மையான முனை, இடுப்பில் ஒரு முடிச்சு. பின்னல் இருப்பதில்லை. உங்களுக்கு உணவகம் தோன்றியது அதனால்தான்.


கரிசல்வெளி
செவ்வாய், காலை 7.05

‘வியாஸ்’ என்றதும் வியாசர் பற்றிய இழை என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். வந்ததும் நல்லதாயிற்று, தொடருங்கள்.


அச்சுக்கோப்பு
செவ்வாய், பகல் 11.20

வளைகோடு அம்மா அருமையாக எழுதியிருக்கிறார். முப்பத்தோராண்டு ஈய எழுத்து கோத்தவன் என்ற முறையில் அச்சுப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

மாஸ்கோவில் இவான் ஃபியோதரவும் பியோத்தர் ம்ஸ்திஸ்லாவெத்ஸும் ‘அப்போஸ்தல்’ என்ற தேவாலய நூலை 1563 ஏப்ரலில் தொடங்கி 1564 மார்ச்சில் முடித்தார்கள். மாஸ்கோவில் தேதியிட்டு வெளிவந்த முதல் அச்சு நூல் அது. எழுத்து முழுக்க அன்றைய கையெழுத்தை அச்சடித்தாற்போல இருக்கும். சுவடி படித்துப் பழகிய கண் மிரளக் கூடாதல்லவா?

இந்த உறவை வெட்டிவிட்டவர் மன்னர் பீட்டர். மேற்கத்திய பாணியில் ‘குடிமை எழுத்து’ என்று புதிதாக வார்க்கச் செய்தார். 1708இல் அந்த எழுத்தில் முதலில் வந்தது ஒரு வடிவியல் நூல். 1710 ஜனவரி 29 அன்று, பழையதும் புதியதும் அருகருகே அச்சிட்ட மாதிரித் தாளில், வேண்டாத எழுத்துகளைத் தன் கையாலேயே மையால் அடித்தார். அடித்தவற்றை வரலாறு, தொழில்நுட்ப நூல்களில் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதிவைத்தார். பழைய எழுத்து அன்றிலிருந்து கோயிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிரபுக்கள் மட்டுமல்ல, எழுத்துகளும் கம்பளிக் கோட்டைக் கழற்றிவிட்டு வேனில் உடை போட்டுக்கொண்டன என்று ரஷ்ய அறிஞர் லொமனோசவ் பின்னாளில் கேலியாகச் சொன்னார்.

இன்னொன்று. தூரதேசி தம்பி சொன்ன கடினக் குறி. 1918இல் அதைச் சொல்லிறுதியில் போடக் கூடாது என்று ஆணை வந்ததும், பெத்ரோகிராத் (பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) அச்சகங்களில் மாலுமிகள் புகுந்து அந்த எழுத்தின் ஈயத் துண்டுகளையே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் சொல்லின் நடுவில் அது சட்டப்படி தேவை! பெட்டியில் எழுத்து இல்லை. அச்சுக்கோப்பவர் என்ன செய்வார்? அந்த இடத்தில் மேற்கோள் குறியில் பாதியைச் செருகினார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீர்ந்துபோன ‘னை’க்கு அடுத்த அச்சகத்துக்கு ஓடிய நாட்கள் நினைவுக்கு வந்தன.


நடுக்கரை
செவ்வாய், மாலை 5.45

எல்லோரும் ‘ரஷ்ய எழுத்து’, ‘ரஷ்ய எழுத்து’ என்றே எழுதுகிறீர்கள். உரிமையோடு ஒரு மறுப்பு. இந்த எழுத்துக்குப் பெயர் சிரிலிக், அது பிறந்த வீடு பல்கேரியா. புனித சிரில் உண்டாக்கியது கிளகோலித்திக் என்ற வேறு எழுத்து. அவர் பெயரைத் தாங்கிய இந்த எழுத்து, அவர் மறைவுக்குப் பிறகு பல்கேரியப் பேரரசில் வடிவம் பெற்றது. செர்பியர்களிடம் 12ஆம் நூற்றாண்டின் மிரோஸ்லாவ் நற்செய்தி இருக்கிறது, பெல்கிரேடு தேசிய அருங்காட்சியகத்தில். 1355–56இல் பல்கேரிய மன்னர் இவான் அலெக்சாந்தருக்காக எழுதிய நற்செய்தி, லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில்.

உக்ரைனியர் கதை இன்னும் சுவையானது. கியார்கி நார்புத் என்ற ஓவியர் 1906இல் பீட்டர்ஸ்பர்க் வந்தபோது, ரஷ்யக் கதைப் படங்களுக்குப் புகழ்பெற்ற பிலிபின் வீட்டில்தான் தங்கினார். அவரைப் போலவே வரைந்து பழகினார். 1917இல் கீவ் திரும்பியதும், கோசாக் படைவீரர் காலத்து எழுத்தர் கையையும் பெரெசொப்னித்சா நற்செய்தி என்ற பழைய உக்ரைனியச் சுவடியையும் பார்த்துத் தனக்கென ஓர் எழுத்தை உருவாக்கினார். 1918இல் உக்ரைன் மக்கள் குடியரசின் பணத்தாளிலும் அவர் கை இருக்கிறது. இன்றைய உக்ரைனிய வடிவமைப்பாளர்கள் திரும்பிப் பார்ப்பது அவரைத்தான். அவர்களிடம் இஷித்சாவைக் காட்டினால் முகச் சுளிப்போடு நிற்காது.


தூரதேசி
செவ்வாய், மாலை 6.10

ஏற்கிறேன். ஆனால் மைக்கூடு அட்டை போடுவது ரஷ்யக் கதைகளுக்கு. அந்த நூலுக்கு ரஷ்ய மரபு பொருந்தும்தானே?

பிலிபின் பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் மனத்தில் உள்ள ‘பழைய ரஷ்யா’ பெரும்பாலும் அவர் கொடுத்தது. 1901 முதல் 1903 வரை வெளியான கதைப் புத்தகங்களில் படம், சட்டகம், தலைப்பெழுத்து எல்லாம் ஒரே கை. அவருக்கு முன் வஸ்நெத்சோவ் என்ற ஓவியர், 1883இல் ரஷ்ய மன்னரின் முடிசூட்டு விழா விருந்துப் பட்டியலையே சுவடி பாணியில் வரைந்தார். சோவியத் புத்தகங்கள் தமிழில் மலிவு விலைக்குக் கிடைத்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த அழகு கொஞ்சமாவது அறிமுகம் இருக்கும். அதாவது, சுவடி என்று எழுத்துருக்கள் நகலெடுப்பது பல நேரங்களில் சுவடியை அல்ல, சுவடிமேல் ஆசைப்பட்ட 1900ஆம் ஆண்டு ஓவியரை.


நடுக்கரை
செவ்வாய், மாலை 6.32

சரி, சமாதானம். சமாதானத்துக்கு ஒரு பரிசு: 14ஆம் நூற்றாண்டு நோவ்கரோத் நகரின், பைபிள் சங்கீதங்கள் எழுதிய சுவடி ஒன்றில் ‘ம’ என்ற முதலெழுத்தை இரண்டு மீனவர்களாக வரைந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு தூண். நடுவே தொங்கும் வலைதான் எழுத்தின் வளைவு. ஒருவன் மற்றவனைக் கெட்ட வார்த்தையில் திட்டி ‘இழு!’ என்கிறான். அடுத்தவன் ‘நீயே அப்படித்தான்’ என்கிறான். இரண்டும் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. வேத நூலில்! இதை எந்த எழுத்துருவில் தேடுவீர்கள்?


வளைகோடு
செவ்வாய், இரவு 9.00

எழுத்துருவில் வராதது என்று சொன்னீர்களே, வந்த ஒன்றைச் சொல்கிறேன். 1429ஐ ஒட்டிய ஒரு சங்கீதச் சுவடியில், ‘பல கண்களுடைய செராபிம்கள்’ (வானதூதர்கள்) என்ற தொடரில், எழுதியவர் ‘ஓ’ எழுத்தையே கண்களாகக் கொத்துக் கொத்தாக வரைந்துவிட்டார். ஒரே ஒரு சுவடியில் கிடைத்த எழுத்து. 2008இல் யூனிகோடில் இடம்பெற்றது, ஏழு கண்களோடு. பிறகு சுவடியை யாரோ பொறுமையாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பத்துக் கண்கள். 2022இல் படத்தைத் திருத்தினார்கள். எண்ணியவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

தம்பிக்கு நடைமுறை யோசனை. ‘பொனோமார்’ தொகுதி எழுத்துருக்களை இறக்கிக்கொள்ளுங்கள். தேவாலய ஸ்லாவிய நூல்களை அச்சிடவே செய்தவை, திறந்த உரிமம். அவற்றில் ‘பொமோர்ஸ்கி’ என்பது ரஷ்யாவின் வடகடலோரத்துப் பொமோர் சுவடிகளின் தலைப்பெழுத்தை ஒட்டியது. அதை அப்படியே போடாதீர்கள். சொல்லைத் தட்டி, கோட்டுருவாக மாற்றி, தூண்களை நீங்களே பகிர்ந்து ஒட்டுங்கள். பன்னிரண்டு எழுத்துகூட இல்லை, ஒரு மாலை வேலை.


மைக்கூடு
வியாழன், இரவு 11.55

அக்கா சொன்னபடி தொடங்கினேன். அரை மணியில் எலியை நகர்த்திவிட்டு மூங்கில் பேனாவை எடுத்துவிட்டேன். கட்டம் போட்ட தாளில் ‘க்னீகா’ மட்டும் பதினெட்டு முறை. மை வேண்டும் என்றதும் ஆசை பெருகியது. அவர்கள் பயன்படுத்தியதும் மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்த மை என்று படித்தேன். நாட்டு மருந்துக் கடையில் இரண்டும் கிடைத்தன. அம்மாவின் பால் பாத்திரம் ஒன்று போயிற்று.

படம் இணைத்திருக்கிறேன். தூண் பகிர்ந்திருக்கிறேன், ‘ஆ’ திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. குறை சொல்லுங்கள்.


வளைகோடு
வெள்ளி, காலை 6.40

நன்றாக இருக்கிறது, தம்பி. மனம் விட்டுச் சொல்கிறேன், எதிர்பார்க்கவில்லை. இரண்டு குறைகள்.

ஒன்று, ‘ந்’ எழுத்தையும் ‘ஈ’ எழுத்தையும் இன்றைய வடிவில் போட்டிருக்கிறீர்கள். இன்று ‘ந்’ என்பது ஆங்கில ‘எச்’ போல, ‘ஈ’ என்பது திருப்பிய ‘என்’ போல. உஸ்தாவ் காலத்தில் இது நேர் மாறு. ‘ந்’தான் ‘என்’ போலச் சாய்ந்த கோடு கொண்டது, ‘ஈ’தான் ‘எச்’ போலக் கிடைக்கோடு கொண்டது. சில நூற்றாண்டுகளில் இரண்டு கோடுகளும் மெல்லத் திரும்பி இடம் மாறிக்கொண்டன. உங்கள் திரைவிழாச் சுவரொட்டியின் பாவம் இன்னும் துரத்துகிறது! ஆனால் பழைய வடிவைப் போட்டால் இன்றைய ரஷ்யர் ஒரு கணம் தடுமாறுவார். என் வழி: சாய்வை நடுவில் நிறுத்துங்கள், இரண்டிலும் சற்றே சரிந்த கோடு. 16ஆம் நூற்றாண்டுக்கு அது உறுத்தாது.

இரண்டு, ‘ஸ்காசொக்’கின் முடிவில் கடினக் குறி எங்கே? இந்தச் சொல்லுக்கு அது அலங்காரம் இல்லை, 1918க்கு முந்தைய இலக்கணப்படி இருக்க வேண்டியது. அடைரொட்டிக் கடை செய்ததைப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள் போலும்.


அச்சுக்கோப்பு
வெள்ளி, காலை 9.10

கடினக் குறி வேண்டுமென்றால் கேளுங்கள், தம்பி. மாலுமிகள் வருவதற்குள் அனுப்பிவைக்கிறேன்.

சிவப்பைப் பற்றி ஒரு சொல். நான்கு வண்ண அச்சில் சாதிலிங்கம் கொண்டுவர மஞ்சளையும் சிவப்பையும் நூறு நூறு என்று வைத்தால் தக்காளி நிறம்தான் வரும். கறுப்பைத் தொடாமல், நீலத்தில் ஒரு துளி மட்டும் சேர்த்து ஒரு தாள் ஓட்டிப் பாருங்கள். மஞ்சள் சற்றுக் குறையட்டும். ரஷ்யர்கள் இன்றும் பத்தியின் தொடக்கத்தைச் ‘சிவப்பு வரி’ என்றுதான் சொல்கிறார்கள். கறுப்பில் அச்சிட்டாலும் பெயர் அதுவே.


மைக்கூடு
சனி, மாலை 4.20

கோடுகளைச் சரித்தேன். கடினக் குறி சேர்த்தேன். சிவப்பு ஐயா சொன்னபடி. இன்று பதிப்பகத்தில் காட்டினேன்.

பதிப்பாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் பார்கோடை எதற்கு முன்னட்டையில் போட்டீர்கள்? அதுவும் சிவப்பில்?”


தெருப்புலவன்
சனி, மாலை 4.24

மூன்று விநாடி என்று சொன்னேனா இல்லையா?


வளைகோடு
சனி, மாலை 5.00

தம்பி, அதைவிடப் பெரிய பாராட்டு வியாஸுக்குக் கிடையாது. உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு சிறிய பூவைப் போட்டு மறுபடி காட்டுங்கள். பூ இருந்தால் பார்கோடு என்று சொல்ல மாட்டார்.


மைக்கூடு
திங்கள், காலை 10.05

பூ போட்டேன். ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அம்மா புதுப் பாத்திரம் கேட்கிறார்.